இருபதில் ஒரு பங்கு கடல்

வடகாரணைப் பெரிய ஏரிக்குக் கடல் வந்து சேர்ந்தது ஓர் ஐப்பசி மாதத்து வியாழக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு. நேரத்தில் சந்தேகம் வேண்டாம், ஏனென்றால் பத்தேகால் பஸ் ஏரிக்கரைமேல் ஹாரன் அடித்துக்கொண்டு போன அதே நொடியில்தான் டிராயிங்கம்மா தன் படகைத் தண்ணீரில் விட்டுக் கையை எடுத்தாள், எடுத்த கையிலிருந்து ஒரு சொட்டு தெறித்து உதட்டில் விழுந்தது, விழுந்த சொட்டு உப்புக் கரித்தது. கடல் அங்கிருந்து நூற்றுப் பதினெட்டு கிலோமீட்டர். நடுவில் ஒரு மலைத்தொடர், ஒரு ரயில் ஜங்ஷன், மூன்று சுங்கச்சாவடி. இத்தனையையும் தாண்டி அது எப்படி வந்தது என்று கேட்டவர்கள் ஊரில் இரண்டே பேர், அவர்களும் மத்தியானச் சாப்பாட்டுக்குள் கேட்பதை விட்டுவிட்டார்கள். வந்துவிட்ட கடலை என்ன செய்வது என்பதுதான் மற்றவர்களின் கவலை.

டிராயிங்கம்மாவின் பெயர் ஞானசுந்தரி. ஏரிக்கரை ஓரத்து ஓட்டுக் கட்டடத்தில் இருந்த பாசனப் பிரிவு அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷமாகப் படம் வரைகிற வேலை. மதகு கட்டவேண்டுமா, உபரித் தண்ணீர் வழிகிற கலங்கல் கட்டவேண்டுமா, முதலில் ஞானசுந்தரி வரையவேண்டும். அவள் வரைந்தால் ஒரு கோடு ஒரு மயிரிழை இப்படி அப்படிப் போகாது. அந்தக் கோட்டை எடுத்துக்கொண்டு போய் ஒப்பந்ததாரர் தெய்வசிகாமணி கட்டுவார். தெய்வசிகாமணி நல்ல மனிதர், கோயிலுக்குத் தவறாமல் போகிறவர், ஆனால் முப்பத்தொரு வருஷத்தில் ஒரு வேலையைக்கூட அவர் படத்தில் இருந்தபடி கட்டியதில்லை. பெரிய ஏரி மதகின் அடிமட்டம் ஒரு முழம் உயர்ந்துபோனது, கலங்கல் வடகிழக்குப் பார்க்கவேண்டியது கிழக்கைப் பார்த்தது, ஒரு பாலத்துக்கு ஆறு தூண் வரைந்தால் ஐந்து தூண் வந்தது. கட்டியதை இடிக்க முடியுமா? முடியாது. ஆகவே பொறியாளர் ஞானசுந்தரியைக் கூப்பிட்டு, "படத்தைத் திருத்திடுங்கம்மா" என்பார். அவளும் பாதி பிளேடை எடுத்துப் படத்தாளில் இருந்த மைக்கோட்டைப் பக்குவமாகச் சுரண்டி எடுத்துவிட்டு, தெய்வசிகாமணி கட்டியபடியே புதுக்கோடு போட்டு, "வரைபடத்தின்படி உள்ளது" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவாள். சுரண்டிய தூள் மேசைக்கு அடியில் சாம்பல் நிறத்தில் விழுந்து கிடக்கும். மறுநாள் காலையில் அலுவலக உதவியாளர் பூங்காவனம் அதைப் பெருக்கி வெளியே கொட்டுவாள். இப்படி முப்பத்தொரு வருஷம்.

படகுக்கு வருவோம். பழைய மதகுப் படங்களைத் தேடப்போன ஒருநாள், ஆவண அறையின் அடித்தட்டில், நீலத்தாளில் ஏழு படங்கள் சுருட்டிக் கிடந்தன. உலகப்போர்க் காலத்துக் கடலோர ரோந்துப் படகு, எழுபத்திரண்டு அடி நீளம். எந்தக் காலத்தில் எந்தக் குமாஸ்தா எந்த உறையில் எதைப் போட்டாரோ, மதகு எண் மூன்றுக்கும் மதகு எண் நான்குக்கும் நடுவில் ஒரு போர்ப்படகு பதிவேட்டில் ஏறி, வருஷாவருஷம் தணிக்கையிலும் சரியாக இருந்தது. ஞானசுந்தரி ஏழு படத்தையும் மேசையில் விரித்துப் பார்த்தாள். அவற்றில் ஒரு சுரண்டல்கூட இல்லை. அன்றைக்கு அவள் மத்தியானம் சாப்பிடவில்லை.

இதை நானே கட்டுவேன் என்று தீர்மானித்தாள். இருபதுக்கு ஒன்று என்ற அளவில், மூன்றரை அடிக்குக் கொஞ்சம் கூடுதலாக, படத்தில் இருந்தது இருந்தபடி. ஆப்பிள் பெட்டிப் பலகையைத் தீக்குச்சி கனத்துக்குச் சீவி, ஆவியில் வளைத்து, விலா எலும்புகளின் மேல் ஒவ்வொன்றாக ஒட்டினாள். பித்தளைச் சொம்பை வெட்டி, தண்ணீரைத் தள்ளும் இரண்டு காற்றாடி செய்தாள். மேல்தளத்துக் கைப்பிடிக் கம்பிக்கு எத்தனை கால் என்று படம் சொன்னதோ அத்தனை கால். பீரங்கிக்குக் குண்டு போடுகிற சிப்பாய் நிற்கும் மிதிபலகைக்கு எத்தனை சட்டமோ அத்தனை சட்டம். யாரும் திறக்கப்போகாத சமையலறைக்குள் யாரும் பார்க்கப்போகாத அடுப்பு. ரேடியோ, டி.வி. பழுது பார்க்கும் கடை வைத்திருந்த அவள் கணவன் எத்திராஜ், பழைய டூ-இன்-ஒன் செட்டுகளைப் பிரித்து, படகை ஓட்ட ரிமோட் செய்து கொடுத்தான். ஏரியல் கம்பியை எங்கே மாட்டுவது என்று அவன் கேட்டபோது அவள் ஐந்தாம் படத்தைக் காட்டினாள். கொடிமரத்திலிருந்து பின்பக்கம்வரை கம்பியில்லாத் தந்திக்கான கம்பி அதிலேயே போட்டிருந்தது. மூன்று வருஷம் ஏழு மாதம் ஆயிற்று. முடிந்த அன்று ஏழு படத்தையும் படகையும் பக்கத்தில் வைத்து அடிக்கோலால் அளந்து பார்த்தவள், அளந்து முடித்ததும் சத்தமில்லாமல் அழுதாள். அவள் பிறந்ததிலிருந்து பார்த்ததில், வரைந்தபடியே வந்த முதல் பொருள் அது.

ஏரியில் விடுகிற அன்று பூங்காவனம் மைச்சிமிழோடு வந்தாள். "அம்மா, இவ்ளோ லட்சணமா இருக்குதே, ஒரு திருஷ்டிப் பொட்டு வச்சிடலாம். ஊர்க்கண்ணு ஒரே மாதிரி இருக்காது."

"படத்தில் பொட்டு கிடையாது, பூங்காவனம்."

"கொழந்தைக்கு வைக்கிறப்போ படம் பார்த்தா வைக்கிறோம்?"

"கையை எடு," என்றாள் ஞானசுந்தரி. பூங்காவனம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிமிழை இடுப்பில் சொருகினாள். பத்தேகால் பஸ் ஹாரன் அடித்தது. கடல் வந்தது.

வந்த கடல் படகின் அளவுக்குத்தான் வந்தது, அதைச் சொல்லவேண்டும். இருபதில் ஒரு பங்கு. அலைகள் விரல் உயரத்துக்கு எழுந்து, முறையாக நுரைத்து, கரையில் வந்து முறையாக உடைந்தன. நாளுக்கு இரண்டு தடவை தண்ணீர் இரண்டு விரற்கடை ஏறி இரண்டு விரற்கடை வற்றியது. ஏரியின் பழைய கெளுத்தியும் விராலும் கோபித்துக்கொண்டு வரத்துக் கால்வாய்க்குள் ஒதுங்கின. அவை இருந்த இடத்தில் சுண்டுவிரல் நீள வஞ்சிரமும், அரிசி அளவு மத்தியும், வெண்டைக்காய் அளவு சுறாவும் வந்தன. ஒரு குழம்புக்கு நூற்றிருபது வஞ்சிரம் தேவைப்பட்டது, அத்தனைக்கும் செவுள் எடுத்து முள் பார்ப்பதற்குள் பெண்களுக்கு விடிந்துவிடும்போல் இருந்தது. சுறாக்கள் எருமைகளின் காலைக் கடித்தன; எருமைகள் அதை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. உப்புக்கு மட்டும் அளவு கிடையாது. உப்பு முழு உப்பாக இருந்தது.

ஊர் ஒரு வாரம் வேடிக்கை பார்த்தது, அப்புறம் பழகிக்கொண்டது. துணி வெளுக்கிறவர்கள் சோப்பு நுரைக்கவில்லை என்று மனு கொடுத்தார்கள். வருவாய் ஆய்வாளர் பதிவேட்டோடு வந்து நாள் முழுக்கக் கரையில் உட்கார்ந்து, நில வகைப் பட்டியலில் கடல் என்று ஒரு வகையே இல்லாததால் 'ஏரி (உவர்)' என்று எழுதிவிட்டுப் போனார். அமாவாசை வந்தது. ராமேசுவரம் போக முடியாதவர்கள் எல்லாரும் பெரிய ஏரிக்கு வந்துவிட்டார்கள். இருபதில் ஒரு பங்கு கடலில் முழுக்குப் போட்டால் முன்னோர்களுக்கு இருபதில் ஒரு பங்குதானே போய்ச்சேரும் என்று ஒருவர் கிளப்பிவிட, புரோகிதர் கண்ணை மூடி யோசித்து, ஆளுக்கு இருபது முழுக்கு என்று தீர்த்துவைத்தார். விடியற்காலையில் ஆரம்பித்த கூட்டம் மத்தியானம் வரை முழுகிக்கொண்டே இருந்தது. அந்த வாரம் ஊரில் தும்மாதவர் இல்லை. கார்த்திகையில் ஒரு புயல்கூட உருவானது. ஏரிக்கு நடுவில் மையம் கொண்டு, மூன்று சுற்றுச் சுற்றி, டீக்கடையின் கிளாஸ் ஒன்றைக் கவிழ்த்துவிட்டு மேற்குக் கரையில் கரையைக் கடந்தது. தலைமை ஆசிரியர் முறைப்படி பள்ளிக்கு இருபது நிமிஷம் விடுமுறை விட்டார்.

அந்தக் கடலில் ஒரு திமிங்கிலமும் இருந்தது. ஆட்டுக்குட்டி அளவு. சாயங்காலத்தில் கலங்கல் பக்கம் மேலே வந்து, புஸ்ஸென்று ஒரு முழ உயரத்துக்குத் தண்ணீர் பீய்ச்சி, மூச்சு வாங்கிக்கொண்டு உள்ளே போகும். சாப்பிட அதற்கு என்ன பிடிக்கும் என்று யாருக்கும் தெரியாததால் தவிடு, அரிசி நொய், நாலைந்து பேர் சுண்டல் என்று போட்டார்கள். அது எதையும் தொடவில்லை என்றாலும் போடுவதை யாரும் நிறுத்தவில்லை.

ஞானசுந்தரி அலுவலகம் முடிந்ததும் ஐந்தே முக்காலுக்கு ரிமோட்டோடு கரைக்கு வருவாள். படகு குட்டி அலைகளில் மூக்கைத் தூக்கி இறக்கிக்கொண்டு, ஏரியின் தென்கோடியிலிருந்து வடகோடிவரை ஒரு ரோந்து, திரும்ப ஒரு ரோந்து. அப்போது அலை படகுக்குச் சரியான அலையாக இருந்தது, படகு அலைக்குச் சரியான படகாக இருந்தது. தூரத்தில் நின்று பார்த்தால் எது பெரிது எது சிறிது என்றே சொல்லமுடியாது. திமிங்கிலம் படகின் இடதுபக்கமாகக் கூடவே நீந்தும். அந்த இரண்டு மாதமும் ஞானசுந்தரி சந்தோஷமாக இருந்தாள். ஐம்பத்தாறு வயதில் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம் வரும் என்று அவளே நினைத்ததில்லை.

மார்கழி பிறந்த மூன்றாம் நாள் ஏரிப் பாசனச் சங்கத் தலைவர் கன்னியப்பன் அலுவலகத்துக்கு வந்தார். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு அவள் மேசை முன்னால் நின்றார்.

"அம்மா, ஒங்க படகு மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. எங்க வீட்டுப் பொம்பளைங்களும் திமிங்கிலத்தைப் பார்த்துட்டுதான் பால் கறக்கவே வர்றாங்க. ஆனா மழை நின்னு பதினாலு நாளாவுது. சம்பா பால் புடிக்கிற நேரம். இன்னும் பத்து நாள்ல மதகு தொறக்கணும். தொறந்தா உப்புத் தண்ணி போவும், தொறக்கலன்னா காஞ்சி போவும். எழுநூறு ஏக்கரும்மா."

எழுநூறு ஏக்கரும் ஞானசுந்தரி வரைந்த படத்தில் இருந்தன. ஒவ்வொரு வரப்பும் தெரியும்.

"இவ்வளவு நாள் உப்பு ஏறாம இருந்ததே என்னாலதான்," என்று வாசலிலிருந்து ஒரு குரல் கேட்டது. தெய்வசிகாமணி ஏதோ கையெழுத்து வாங்க வந்திருந்தார். "மதகு அடிமட்டத்தை ஒரு முழம் தூக்கி வச்சேனே, அதனாலதான் கசிவு இல்ல. படத்துல இருந்த மாதிரி கட்டியிருந்தா ஐப்பசியிலேயே வயலு போயிருக்கும்." முப்பத்தொரு வருஷத்தில் முதல்முறையாக அவர் பேச்சில் நியாயம் இருந்தது.

அன்றே படகைத் தண்ணீரிலிருந்து எடுத்து வீட்டுக் கட்டிலின்மேல் வைத்தாள். மூன்று நாள் ஆயிற்று. கடல் போகவில்லை. படகு கட்டிலில் கிடந்தாலும் படகுதானே. நாலாம் நாள் எத்திராஜ் சாப்பிட்டுக் கைகழுவிக்கொண்டே சொன்னான். "சுந்தரி, எனக்குத் தெரிஞ்ச வேலையில வச்சுச் சொல்றேன். ரேடியோ முள்ளு சரியான இடத்துல நின்னா ஸ்டேஷன் எடுக்கும். ஒலகத்துல எங்க பேசினாலும் இங்க கேக்கும். நீ படகை அப்படி நிறுத்திட்ட. கடலுக்கு ஸ்டேஷன் மாட்டிக்கிச்சு. முள்ளை ஒரு நூல் திருப்பு, போயிடும்."

"திருப்புன்னா?"

"எங்கியாவது ஒரு தப்புப் பண்ணு."

அவள் அவன் சாப்பிட்ட தட்டை எடுத்து ஓரமாக வைத்தாள். பிறகு, "எனக்குப் பண்ண வராதுங்க," என்றாள். அது அடக்கமும் இல்லை, பெருமையும் இல்லை. கையில் ரம்பத்தை எடுத்து ஒரு மணிநேரம் உட்கார்ந்திருந்தும் அவளால் ஒரு குச்சியைக்கூடத் தப்பாக வெட்ட முடியவில்லை.

தப்பு செய்யத் தெரிந்த ஆள் வேண்டும். ஊர்க்கூட்டம் போடவேண்டிய அவசியமே இல்லாமல் எல்லாருக்கும் ஒரே பெயர்தான் நினைவுக்கு வந்தது. கன்னியப்பன் வெற்றிலைப் பாக்குத் தட்டோடு போய்த் தெய்வசிகாமணியை அழைத்தார். இத்தனை வருஷமாக எதற்காக முதுகுக்குப் பின்னால் சிரித்தார்களோ அதற்காகவே தட்டு வைத்து அழைக்கிறார்கள் என்றதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. குளித்து, விபூதி பூசி, புது வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். அலுவலக மேசையில் வைத்திருந்த படகை மூன்று தரம் சுற்றிவந்தார். கைதேர்ந்தவர் என்பது பார்க்கும்போதே தெரிந்தது. எங்கேயும் உடைக்கவில்லை, நசுக்கவில்லை. கொடிமரத்தை மட்டும் மெதுவாகப் பிடுங்கி ஒரு விரற்கடை பின்தள்ளி நட்டுவிட்டு, "கேட்டா, காத்துக்காகத் தள்ளினோம்னு சொல்லுங்க," என்றார்.

மறுநாள் காலை கன்னியப்பன் ஏரித் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தார். உப்பு.

தெய்வசிகாமணி அதைத் தன் மானப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டார். இரண்டாம் நாள் கைப்பிடிக் கம்பியில் ஒரு காலைக் குறைத்தார். உப்பு. மூன்றாம் நாள் பீரங்கியை வேறு திசைக்குத் திருப்பினார். உப்பு. நாலாம் நாள் இடது பக்கத்து வட்ட ஜன்னல் எட்டை ஏழாக்கினார், அதற்குமேல் செய்ய அவருக்கே கூசியது. திமிங்கிலம் வழக்கம்போல் கலங்கல் பக்கம் வந்து பீய்ச்சிவிட்டுப் போனது. "என் வாழ்க்கையில நான் பண்ண தப்பு நிக்காம போனதே இல்லம்மா," என்று அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மதகு திறக்க இரண்டு நாள்தான் இருந்தது. வயலில் கதிர்கள் தலையைத் தொங்கப் போட ஆரம்பித்திருந்தன.

கண்டுபிடித்தவள் பூங்காவனம். ஐந்தாம் நாள் காலையில் பெருக்க வந்தவள், ஞானசுந்தரியின் மேசைக்கு அடியில் குனிந்தவள், நிமிரவே இல்லை. விளக்குமாற்று நுனியில் சாம்பல் நிறத் தூள் ஒட்டியிருந்தது. தரையில் இன்னும் இருந்தது. இந்த வாரம் அலுவலகத்தில் எந்த மதகும் எந்தக் கலங்கலும் வேலை நடக்கவில்லை என்பது பூங்காவனத்துக்கு நன்றாகத் தெரியும்.

"அம்மா," என்றாள், "படகுப் படத்தைக் கொஞ்சம் எடுங்க."

ஞானசுந்தரி எடுத்து விரித்தாள். மூன்றாம் படத்தில் கொடிமரம் ஒரு விரற்கடை பின்னால் இருந்தது. இரண்டாம் படத்தில் கைப்பிடிக்கு ஒரு கால் குறைவு. பீரங்கி வேறு திசையைப் பார்த்தது. ஜன்னல் ஏழு. எல்லாக் கோடும் மயிரிழை பிசகாமல், பழைய நீலத்தின்மேல் பழைய கோடுகளின் அதே நிறத்தில் போடப்பட்டிருந்தன, ஓரத்தில் அவள் கையெழுத்தும் தேதியும் இருந்தன.

அவளுக்கு நினைவே இல்லை. யோசித்துப் பார்த்தால், சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்புவதற்கு முன் மேசையை ஒழுங்குபடுத்தியது நினைவிருந்தது. அவ்வளவுதான். தெய்வசிகாமணி கட்டிவிட்டுப் போனார் என்றால் அவள் கை படத்தைத் திருத்தும், அது மூச்சு விடுகிற மாதிரி, அதற்கு அவள் தேவையில்லை. படகு எப்படி மாறினாலும் படமும் கூடவே மாறியது. முள் நின்ற இடத்திலேயே நின்றது.

"இன்னா பண்ணி வச்சிருக்கீங்கம்மா," என்று பூங்காவனம் தரையிலேயே உட்கார்ந்தாள்.

செய்தி கேட்டுக் கன்னியப்பன் ஓடிவந்தார். படத்தைக் கொளுத்திவிடலாம் என்றார். "படம் இல்லன்னா படகுதான் படம்," என்றான் எத்திராஜ், "அப்ப எது தப்பு, எது சரி? கடல் ஆயுசுக்கும் இங்கயேதான்." படகைக் கொளுத்தலாம் என்று கன்னியப்பன் சொல்லவில்லை. சொல்ல வந்தது முகத்தில் தெரிந்தது, ஞானசுந்தரியைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டார். அதற்காக அவரை அவள் கடைசிவரை மறக்கவில்லை.

அன்று முழுக்க ஞானசுந்தரி உட்கார்ந்து, தெய்வசிகாமணி செய்த நாலு தப்பையும் சரிசெய்தாள், படகிலும் படத்திலும். "இவ்வளவு தப்போடு கடலை அனுப்ப முடியாது, ஒன்று போதும்," என்றாள். கடைசி முறையாக ஐந்தே முக்காலுக்குக் கரைக்குப் போய், தென்கோடியிலிருந்து வடகோடிவரை ஒரு ரோந்து, திரும்ப ஒரு ரோந்து. திமிங்கிலம் இடதுபக்கம் வந்தது.

மறுநாள் மத்தியானம் இரண்டரை மணிக்குப் பூங்காவனத்தைக் கூப்பிட்டு, "மைச்சிமிழ் இருக்கிறதா?" என்று கேட்டாள். பூங்காவனம் இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். ஐப்பசியிலிருந்து அது அங்கேயேதான் இருந்தது. ஞானசுந்தரி ஆள்காட்டி விரலில் மையைத் தொட்டாள். படகின் மூக்குக்கு வலப்பக்கம், கன்னம் இருக்கவேண்டிய இடத்தில், ஒரு பொட்டு வைத்தாள். விரலால் வைத்ததால் அது வட்டமாகக்கூட வரவில்லை. எத்திராஜ் படகைத் தூக்கிக்கொண்டு போய் ஏரியில் விட்டான்.

செய்யவேண்டியது அதோடு முடிந்ததா என்றால், அங்கேதான் ஆரம்பித்தது. ஏழு படமும் மேசையில் விரிந்து கிடந்தன. ஒன்றாம் படத்தில் படகின் வலப்பக்கத் தோற்றம். அதில் பொட்டு இல்லை. படகில் பொட்டு இருக்கிறது, படத்தில் இல்லை. பேனாவை ஒருமுறை தொட்டு எடுத்தால் போதும், அரை நொடி வேலை. வலது கை தானாகவே மைப்புட்டிப் பக்கம் போனது. அவள் அதை இடது கையால் பிடித்து இழுத்து, தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்தாள். கை உள்ளே துடித்தது. மூன்று மணி ஆயிற்று. மூன்றரை ஆயிற்று. பொறியாளர் ஒரு கோப்பைக் கொண்டுவந்து நீட்டினார். இடது கையால் வாங்கிக்கொண்டாள். நெற்றியில் வியர்வை வழிந்து படத்தில் சொட்டப் பார்த்தது, பூங்காவனம் முந்தானையால் ஒற்றி எடுத்தாள், ஒரு சொட்டு விழுந்து கறை பட்டால் அதுவே பொட்டாகிவிடும் என்று இருவருக்கும் பயம். தப்பு தப்பாகவே இருக்கட்டும், தப்பு தப்பாகவே இருக்கட்டும் என்று அவள் வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

நாலேகாலுக்கு ஜன்னலுக்கு வெளியே தண்ணீர் வற்றத் தொடங்கியது. எப்போதும் வற்றுகிற இரண்டு விரற்கடை வற்றியது, அதற்குப் பிறகு கரைக்குத் தெரியாத ஏதோ ஒன்று வற்றியது. ஏரி அப்படியே நிறைந்துதான் இருந்தது. அலைகள் ஒவ்வொன்றாக உடைவதை நிறுத்தின. கலங்கல் பக்கம் திமிங்கிலம் மேலே வந்தது, புஸ்ஸென்று ஒரு முழம் பீய்ச்சியது, படகை ஒருமுறை சுற்றியது. படகு நின்ற இடத்தில் நின்றது. திமிங்கிலம் கிழக்கே பார்த்து முழுகியது, பிறகு வரவில்லை. ஞானசுந்தரிக்கு அழுகை வந்தது. இடது கையும் வலது கையை அழுத்திப் பிடித்திருந்ததால் கண்ணைத் துடைக்காமலே அழுதாள்.

ஐந்தேகாலுக்குப் பூங்காவனம் ஒரு டம்ளரில் ஏரித் தண்ணீரோடு வந்தாள். ஞானசுந்தரியின் உதட்டில் வைத்துப் பிடித்தாள். சப்பென்று, கொஞ்சம் பாசி நாற்றத்தோடு, ஏரித் தண்ணீராக இருந்தது. அவள் முழுவதையும் குடித்தாள்.

மறுநாள் விடிந்ததும் கன்னியப்பன் மதகைத் திறந்தார். ஒரு முழம் உயரத்தில் கட்டிய மதகு என்பதால் தண்ணீர் கொஞ்சம் தயங்கித்தான் போனது, ஆனால் போனது. ஊர் தன் இருபது முழுக்குப் பழக்கத்தை அடுத்த அமாவாசைக்கும் விடவில்லை. 'ஏரி (உவர்)' என்று பதிவேட்டில் ஏறியது ஏறியபடியே இருந்தது. சாயங்காலம் ஞானசுந்தரி ரிமோட்டோடு கரைக்குப் போய் இடது விசையைத் தள்ளினாள், படகு இடதுபக்கம் போனது. வலது விசையைத் தள்ளினாள், வலதுபக்கம் போனது. அசையாத தண்ணீரில் அது மூன்றரை அடிப் படகாக இருந்தது, நன்றாகச் செய்த மூன்றரை அடிப் படகு. அவள் ஒரு ரோந்தோடு நிறுத்திக்கொண்டாள்.

ஒரு வாரம் கழித்துப் பொறியாளர் கோப்பைக் கொண்டுவந்தார். ஏரி இரண்டு மாதம் கடலாக இருந்ததற்கு மேலிடத்துக்கு ஓர் அறிக்கை போகவேண்டும், அதில் கடைசிக் கட்டம்: மேற்படி படகு வரைபடத்தின்படி உள்ளதா? ஞானசுந்தரி பேனாவை எடுத்தாள். முப்பத்தொரு வருஷத்தில் ஒரு முழம் உயர்ந்த மதகுக்கும், கிழக்குப் பார்த்த கலங்கலுக்கும், ஐந்து கால் பாலத்துக்கும் "உள்ளது" என்று எழுதிய கை அது. பேனாவை மையில் தொட்டாள். பிறகு, "இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

பொறியாளர் கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார். "இல்லையா? என்ன வித்தியாசம்?"

"ஒரு பொட்டு, சார்."

"அவ்வளவுதானே. படத்தைத் திருத்திடுங்கம்மா."

"முடியாது சார்," என்றாள் ஞானசுந்தரி.

கடைசியில் அவர்தான் கோப்பை மூடினார். மறுநாள் காலையில் பூங்காவனம் விளக்குமாற்றோடு அந்த மேசைக்கு அடியில் குனிந்தாள். பெருக்க அங்கே ஒன்றும் இல்லை.